தமிழ்ப் புதுக்கவிதையும் யாப்பு மரபும்

தமிழில் யாப்பிலக்கண விதிகளுக்குக் கட்டுப்படாமல் எழுதப்படும் கவிதை புதுக்கவிதை எனப்படுகிறது. பாரதியின் வசன கவிதையில் வேர்விட்டு, 1930களில் முளைத்து, 1959க்குப் பின் இயக்கமாக வளர்ந்து, 1970களில் கல்லூரி வகுப்பறை வரை சென்று சேர்ந்த வடிவம் இது. இதன் வரலாறு பொதுவாக "பழமைக்கும் புதுமைக்கும் நடந்த போர்" என்றே சொல்லப்படுகிறது. ஆனால் அந்தப் போரில் நின்றவர்களின் எழுத்தைப் படித்தால் வேறொரு காட்சி தெரிகிறது. புதுமைக் கவிஞர்கள் மரபை விட்டு விலகியதைவிட, எந்த மரபைத் தமதாக்கிக்கொள்வது என்பதிலேயே அதிகம் வேறுபட்டார்கள்.

மேலை இலக்கியத்திலும் இதே நிலையைக் காணலாம். நவீனத்துவத்தின் தலைமைக் கவிஞரான டி. எஸ். எலியட் 1919இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, மரபும் தனி ஆற்றலும் பற்றியது. மரபு பரம்பரைச் சொத்தாகத் தானே வந்து சேர்வதில்லை, உழைத்துத்தான் அதைப் பெற வேண்டும் என்பது அதன் சாரம். 1922இல் வெளிவந்த அவருடைய 'பாழ்நிலம்' உபநிடதச் சொற்களோடு முடிகிறது. கவிதையைப் புதிதாக்க வேண்டும் என்று முழங்கிய எஸ்ரா பவுண்டு, அந்த முழக்கத்தையே பழஞ்சீன வாசகம் ஒன்றிலிருந்து எடுத்தார். தமிழ்ப் புதுக்கவிதையும் இதே முரண்பாட்டுடன்தான் பிறந்தது.

மரபு என்பது எது?

1930களில் 'மரபு' என்று காக்கப்பட்டது எது என்பதை முதலில் பார்க்க வேண்டும். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்னும் ஆறும் யாப்பின் உறுப்புகள். வெண்பா, ஆசிரியப்பா, கலிப்பா, வஞ்சிப்பா என்னும் நான்கும் பாக்கள். இவற்றின் இனங்களில் ஒன்றான விருத்தம் பக்தி இலக்கியத்தில் வளர்ந்து, கம்பனில் உச்சம் கண்டு, 19ஆம் நூற்றாண்டு வரை புலவர்களின் முதன்மை வடிவமாக விளங்கியது. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் எனச் சிற்றிலக்கியங்கள் பெருகிய காலத்தில் செய்யுள் இயற்றும் திறமையே கவிதை என்றாயிற்று. எதுகை, மோனை அமைந்து, தளை தட்டாமல் இருந்தால் போதும் என்ற மனநிலை பரவியது.

சங்கப் பாடல்கள் இந்தக் காலத்தில் பொது வாசகருக்குக் கிடைக்கவில்லை. சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தனர். நற்றிணையும் குறுந்தொகையும் 1915இல் அச்சேறின. அதாவது தமிழின் மிகப் பழைய கவிதையே புதுக்கவிதைக்குச் சில பத்தாண்டுகள் முன்புதான் அச்சில் பரவலாகக் கிடைத்தது. மரபு காத்த புலவரும் மரபை மீறிய கவிஞரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அதைப் படித்தார்கள்.

அவர்கள் படித்த சங்கப் பாடல்களுள் பெரும்பாலானவை ஆசிரியப்பாவால் ஆனவை. அது பேச்சுக்கு நெருங்கிய ஓட்டம் உடையது. அடிதோறும் எதுகை வர வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிகளுக்குள் முடிந்துவிடுகின்றன. அதில் இயற்பெயர் தெரியாத சில புலவர்கள், தாம் படைத்த உவமைத் தொடராலேயே பெயர் பெற்றிருக்கிறார்கள். ஓசையை விடக் காட்சியே அவர்களை நினைவில் நிறுத்தியது. பிற்காலப் புதுக்கவிஞர்கள் 'படிமம்' என்று சொன்னபோது இதையே தமக்குச் சான்றாகக் காட்ட முடிந்தது.

இலக்கண நூல்களும் புதுமைக்குக் கதவடைக்கவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் எட்டு வனப்புகளுள் ஒன்றாக 'விருந்து' என்பதைச் சொல்கிறது. புதிதாகப் புனையப்படும் யாப்பைக் குறிக்கும் சொல் அது. காலத்துக்கு ஏற்பப் பழையவை நீங்குவதும் புதியவை சேர்வதும் குற்றமாகாது என்று நன்னூலும் கூறுகிறது.

பாரதியும் பிச்சமூர்த்தியும்

சுப்பிரமணிய பாரதி (1882–1921) யாப்பில் தேர்ந்தவர். சிந்து, கண்ணி, கும்மி போன்ற மக்கள் வடிவங்களைக் கவிதையின் நடுவே கொண்டுவந்தவர். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனைப் பற்றி எழுதுகையில், அவருடைய பாட்டு உரைநடை போன்று இருப்பதைப் புதுமையாக எடுத்துக்காட்டினார். பாரதியின் 'காட்சி' என்னும் வசன கவிதைத் தொகுதியில் விட்மனின் தாக்கத்தோடு வேதப் பாடல்களின் தொனியும் உண்டு. காற்றையும் ஞாயிற்றையும் விளித்துப் பாடும் முறை வேத மரபைச் சேர்ந்தது. ஆக, தமிழ் நவீனக் கவிதையின் முதல் அடியே மிகப் பழைய ஒன்றின் துணையோடு எடுத்து வைக்கப்பட்டது.

கும்பகோணத்தில் பிறந்த ந. பிச்சமூர்த்தி (1900–1976) புதுக்கவிதையின் தந்தை என்று போற்றப்படுகிறார். 1934இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்த 'காதல்' அவருடைய முதல் முயற்சி. விட்மனின் 'புல்லின் இதழ்க'ளைப் படித்ததும், பின்னர் பாரதியின் வசன கவிதையைக் கண்டதும் தமக்குத் தூண்டுதல் என்று அவரே கூறியுள்ளார். வழக்கறிஞராக இருந்து, பின்பு கோயில் நிர்வாக அதிகாரியாகப் பணியாற்றியவர் அவர். வேதாந்த நாட்டமும் பக்தியும் அவர் கவிதைகளில் நிறைந்திருக்கின்றன. வடிவில் புரட்சி செய்தவர் சிந்தனையில் மரபோடு நின்றார். பிச்சமூர்த்தியோடு வசன கவிதை எழுதிய கு. ப. ராஜகோபாலன் (1902–1944) தமிழ் வாழ்க்கையின் அன்றாடக் காட்சிகளை அதில் கொண்டுவந்தார்.

எதிர்ப்பின் காரணங்கள்

இந்த முயற்சிக்குத் தொடக்கத்தில் நிலையான பெயர்கூட இல்லை. வசன கவிதை, யாப்பிலாக் கவிதை, சுயேச்சா கவிதை என்று பலவாறு அழைத்தனர். எதிர்த்தவர்கள் எல்லாரும் பழமைவாதிகள் என்று எண்ணுவது தவறு. சிறுகதையில் துணிந்து புதுமை செய்த புதுமைப்பித்தன் (1906–1948) வசன கவிதையை ஏற்கவில்லை. அவர் 'வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை' என்ற பெயரில் எழுதிய கவிதைகள் யாப்பின் ஓசையைத் தளர்த்திக் கையாண்டு, சமகாலத்தைக் கிண்டல் செய்பவை. கருத்து புதிதாக இருக்கலாம், ஓசை இல்லாவிட்டால் கவிதை நிற்காது என்ற எண்ணம் அன்று பலரிடம் இருந்தது.

அந்த எண்ணத்துக்கு நியாயமான அடிப்படை உண்டு. தமிழ்ச் செய்யுள் நெடுங்காலம் கண்ணால் படிக்கப்பட்டதை விடக் காதால் கேட்கப்பட்டு மனத்தில் நின்றது. எதுகையும் மோனையும் அழகுக்கு மட்டும் அமைந்தவை அல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரு பாடலை மனத்தில் வைத்துக்கொள்ள அவை உதவின. அவற்றை நீக்கினால் கவிதை அச்சுத் தாளுக்குள் அடங்கிவிடும் என்ற அச்சம் பொருளற்றது அன்று.

மறுபுறத்திலும் நியாயம் இருந்தது. புலவரிடம் முறையாகப் பாடம் கேட்காதவர் செய்யுள் இயற்றுவது அரிது. அந்த வாய்ப்பு எல்லாச் சாதியினருக்கும், பெண்களுக்கும் சமமாகக் கிடைத்ததில்லை. யாப்பின் பிடி தளர்ந்தபோது, கவிதை எழுதும் உரிமையும் பரவலானது.

'எழுத்து' காலம்

சி. சு. செல்லப்பா (1912–1998) 1959 சனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். விமர்சனத்துக்காகத் தொடங்கப்பட்ட இதழ் புதுக்கவிதையின் களமாக மாறியது. அதே ஆண்டு 'சரஸ்வதி' ஆண்டு மலரில் க. நா. சுப்ரமண்யம் புதுக்கவிதை பற்றி எழுதிய கட்டுரை அந்தப் பெயர் நிலைபெற உதவியது. எலியட்டையும் பவுண்டையும் பயின்றவர் அவர். ஆயினும் சங்கப் பாடல்களிலும் சிலப்பதிகாரத்திலும் உள்ள சிறப்புகளை இக்காலத்தில் எட்டுவதற்குரிய வழியாகவே புதுக்கவிதையைக் கண்டார்.

1962இல் செல்லப்பா வெளியிட்ட 'புதுக்குரல்கள்' தொகுப்பில் 24 கவிஞர்களின் 63 கவிதைகள் இடம்பெற்றன. நகுலன், பசுவய்யா (சுந்தர ராமசாமி), சி. மணி, எஸ். வைத்தீஸ்வரன், திருகோணமலையைச் சேர்ந்த தருமு சிவராமு (பிரமிள்) ஆகியோர் இக்காலத்தில் உருவானவர்கள்.

இவர்களுள் சி. மணியின் நிலை குறிப்பிடத்தக்கது. ஆங்கிலப் பேராசிரியரான அவர் எழுதிய 'நரகம்' நகர வாழ்வின் வெறுமையைக் காட்டும் நீள்கவிதை. அதில் எலியட்டின் சாயல் உண்டு. பழந்தமிழ்த் தொடர்களும் ஓசையும் அதனுள் கலந்து வருகின்றன. இதே சி. மணி 'செல்வம்' என்ற பெயரில் 'யாப்பும் கவிதையும்' என்ற ஆய்வையும் எழுதினார். யாப்பை மீறியவரே அதை நுணுக்கமாக ஆராய்ந்தார். ஞானக்கூத்தனும் (1938–2016) யாப்பின் ஓசையை விடவில்லை. அந்தப் பழைய ஓசையில் அரசியலையும் சமூகத்தையும் எள்ளியதே அவர் கவிதைகளுக்குக் கூர்மை தந்தது.

வானம்பாடிகளும் வகுப்பறையும்

'எழுத்து' கவிஞர்கள் தனிமனித வெறுமையில் மூழ்கியவர்கள் என்று மார்க்சியத் திறனாய்வாளர்கள் குறை கூறினர். நா. வானமாமலை போன்றோர் வடிவத்தைவிட உள்ளடக்கத்தின் சார்பையே முதன்மையாகக் கேள்விக்கு உட்படுத்தினர். 1971இல் கோவையிலிருந்து 'வானம்பாடி' இதழ் வெளிவந்தபோது புதுக்கவிதை சமூக மாற்றத்தின் குரலாயிற்று.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. 'எழுத்து' கவிஞர்களில் பலர் ஆங்கில இலக்கியப் பயிற்சி வழியாகப் புதுக்கவிதைக்கு வந்தவர்கள். 1970களில் புகழ்பெற்ற சிற்பி, அப்துல் ரகுமான், மீரா, மு. மேத்தா, ஈரோடு தமிழன்பன் ஆகியோரோ கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர்கள். யாப்பைக் கற்றவர்கள், கற்பித்தவர்கள். அவர்கள் யாப்பைத் தெரிந்தே விட்டார்கள். மோனையும் முரண்தொடையும் மேடைக்குரிய ஓசையும் அவர்கள் கவிதைகளில் தங்கின. அதனாலேயே புதுக்கவிதை கவியரங்குகளுக்கும் பொதுவாசகருக்கும் எளிதில் சென்றது. கல்லூரிப் பாடத்திட்டத்திலும் அது இடம்பெற்றது.

'மரபுக்கவிதை' என்ற சொல் வழக்கில் ஊன்றியதும் இந்த விவாதங்களால்தான். முன்பு அதைச் செய்யுள், பாட்டு, கவிதை என்றே சொன்னார்கள். புதியது ஒன்று எதிரே நின்ற பிறகுதான் பழையதற்குத் தனிப்பெயர் தேவைப்பட்டது.

ஈழத்தின் வேறு வழி

இலங்கையிலும் 1940களிலேயே 'ஈழகேசரி'யில் வரதர் வசன கவிதை எழுதினார். ஆனால் அங்கு நவீனக் கவிதை பெரும்பாலும் யாப்பை விடாமலே வளர்ந்தது. மஹாகவி (1927–1971), நீலாவணன், முருகையன் ஆகியோர் யாப்பின் ஓசைக்குள் பேச்சு மொழியைக் கொண்டுவந்தனர். சீர்களை வரிகளாக உடைத்து அச்சிட்டு, பொருளுக்கேற்ப நிறுத்திப் படிக்க வைத்தனர். ஆங்கிலத்தின் ஐந்தடி நகைப்பாட்டைத் தமிழ் யாப்பில் அமைத்து மஹாகவி 1966இல் 'குறும்பா'வை வெளியிட்டார். பொருளில் அவர்கள் நவீனர்கள். சாதியையும் உழைப்பையும் சாதாரண மனிதனின் வாழ்வையும் பாடினார்கள். நவீனமாவதற்கு யாப்பைக் கைவிட்டே ஆக வேண்டும் என்பதில்லை என்பதற்கு இவர்களே சான்று.

1980களில் போரும் இடப்பெயர்வும் வந்தபோது ஈழக் கவிதை பெருமளவில் யாப்பைக் கடந்தது. 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த 'சொல்லாத சேதிகள்' பத்துப் பெண் கவிஞர்களின் தொகுப்பு. அதன் பெயரே, அதுவரை மரபிலும் நவீனத்திலும் இடம்பெறாத அனுபவங்களை உணர்த்துவதாக அமைந்தது.

இழந்ததும் பெற்றதும்

தமிழகத்திலும் 1990களுக்குப் பின் தலித் கவிஞர்களும் பெண் கவிஞர்களும் விவாதத்தை வேறு இடத்துக்கு நகர்த்தினர். யாப்பு வேண்டுமா வேண்டாமா என்பது அவர்களுக்குச் சிக்கலாக இல்லை. மரபு என்று போற்றப்பட்டதில் தம் வாழ்க்கை எங்கே என்றே கேட்டார்கள். அதே வேளையில் ஒளவையாரையும் வெள்ளிவீதியாரையும் ஆண்டாளையும் தம் முன்னோடிகளாக மீட்டெடுத்தார்கள். மரபை மறுப்பதும் மரபுக்கு உரிமை கோருவதும் ஒரே குரலில் நிகழ்ந்தன.

புதுக்கவிதையால் தமிழ் இழந்தது ஒன்று உண்டு. இன்று பாரதியின் பாடல்களை மனப்பாடமாகச் சொல்லும் பலருக்குப் புதுக்கவிதை ஒன்றைக்கூட முழுமையாக நினைவிலிருந்து சொல்ல இயலாது. யாப்பறிவும் பொதுவாசகரிடையே குறைந்துவிட்டது. ஒரு வெண்பாவில் தளை தட்டுவதைக் காதே உணரும் பயிற்சி அரிதாகிவிட்டது. பெற்றதும் பெரிது. நகரத் தெரு, அலுவலகச் சோர்வு, சாதி இழிவு, பெண்ணின் உடல், போரின் அழிவு எனக் கவிதைக்குள் வராதிருந்தவை வந்தன. எழுதாதிருந்தவர்கள் எழுதினார்கள்.

பாரதி, சி. மணி, ஞானக்கூத்தன், மஹாகவி என நிலைத்து நிற்கும் கவிஞர் பலரும் யாப்பை அறிந்தவர்கள். சிலர் அதைக் கடந்தார்கள், சிலர் வளைத்தார்கள், சிலர் உள்ளிருந்தே மாற்றினார்கள். புதுக்கவிதை எழுத விரும்பும் இன்றைய மாணவர், யாப்பைக் கற்பது விதிக்குக் கட்டுப்படுவதற்காக அன்று. எதை விடுகிறோம் என்று தெரிந்து விடுவதற்கு அந்தக் கல்வி வேண்டும். அதைப் போலவே மரபுக்கவிதை எழுதுபவர், தாம் போற்றும் மரபு ஒரு காலத்தில் 'விருந்து' என்னும் புதுமையாக இருந்தது என்பதை நினைவில் கொள்வது நல்லது.