வண்ணம் நீங்கிய நிலம்: மனோகர் தேவதாஸின் மதுரைக் கோட்டோவியங்கள்

மதுரை வட்டாரத்து ஓவிய மரபில் வண்ணம் நெடுங்காலம் தெய்வ உருவங்களுக்கே உரியதாக இருந்தது. அழகர்கோயில் வசந்த மண்டப விதானத்து இராமாயணக் காட்சிகள் உள்ளிட்ட நாயக்கர் கால ஓவியங்களில், செங்காவித் தளத்தின்மேல் நிற்கும் உருவங்களே முதன்மை பெற, மரமும் ஆறும் பெரும்பாலும் ஒரு நிகழ்ச்சியை அடுத்ததிலிருந்து பிரித்துக் காட்டும் குறிகளாக நின்றுவிடுகின்றன. இம்மரபுக்கு நேர்மாறாக, தெய்வத்தை விடுத்து நிலத்தையே பொருளாகக் கொண்டு, அதையும் பெரும்பாலும் கறுப்பு மையால் வரைந்தவர் மதுரையில் பிறந்த மனோகர் தேவதாஸ் (1936–2022). யானைமலையும் வைகையும் கோபுரங்களும் இடம்பெறும் அவருடைய கோட்டோவியங்கள் 2007இல் ‘மல்டிபிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை’ என்னும் நூலாக வெளிவந்தன.

வண்ணமின்றிப் புனிதம் எவ்வாறு புலப்படும் என்னும் வினாவுக்குத் தொல்காப்பியத் திணைக் கோட்பாடு விடை தருகிறது. அங்கே நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வமோ மரம், புள், பறை ஆகியவற்றோடு ஒருங்கெண்ணப்படும் கருப்பொருள், அதாவது அந்நிலத்தில் தோன்றுவது. மையோவியத்தில் வெள்ளை எனத் தனி நிறமில்லை. மை தொடாத தாளே வெயிலாகிறது. கோடுகள் நெருங்குமிடத்தில் நிழலும் அவை விலகுமிடத்தில் ஒளியும் பிறப்பதால், யானைமலையின் மொட்டைப் பாறையை வரைவது அப்பாறைமேல் விழும் பொழுதையே வரைவதாகிறது. மதுரைச் சமவெளியின் கோடை நண்பகலில் கருங்கல் தன் நிறமிழந்து வெளிறுவதைக் கண்டவர்களுக்கு இது எவ்வளவு உண்மை என்பது விளங்கும்.

தேவதாஸ் கறுப்பு மையைத் தேர்ந்ததற்குக் கண்நோயே காரணம் எனச் சிலர் கருதலாம். இருட்டில் பார்க்கும் திறனை முதலில் குறைத்து, பின் பார்வைப் பரப்பை ஓரங்களிலிருந்து சுருக்கும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோய் அவருக்கு இருந்தது. அத்தகைய கண்ணுக்கு வெள்ளைத் தாளில் கருங்கோடு துணையாகும் என்பதும் மெய்யே. ஆனால் நோய் கருவியின் தேர்வை விளக்குமேயன்றி, கோபுரத்துச் சுதைக்கும் வரப்புப் புல்லுக்கும் ஒரே நுண்மையை அளிக்கும் அந்த அக்கறையை விளக்காது. புனிதமானது புனிதமற்றது எனப் பாகுபடுத்தாத அந்தச் சமநோக்கையே இவ்வோவியங்களின் ஆன்மிகமாகக் கொள்ள வேண்டும்.

வண்ணம் நிலத்தை மறைக்கவும் கூடும் என்பதற்கு ஜாவா சான்று. எரிமலை, தென்னை, நெல்வயல் ஆகிய மூன்றையும் பொலிவான நிறங்களில் திரும்பத் திரும்பத் தீட்டிய ‘மோயி இன்டியே’, அதாவது ‘அழகிய இந்தியத் தீவுகள்’ எனப்பட்ட பாணியை, 1938இல் பெர்சாகி ஓவியர் சங்கம் தோன்றக் காரணமானவர்களுள் ஒருவரான சுஜோயோனோ வன்மையாகக் கண்டித்தார். மக்களின் வாழ்வை ஒதுக்கிவிட்டு வெளியாருக்காக வரையப்பட்ட காட்சி அது என்பதே அவருடைய வாதம்.

எனினும் கோட்டுக்கும் எல்லை உண்டு. நாற்றின் பசுமைக்கும் கதிரின் பொன்னிறத்துக்கும் இடையிலான வேற்றுமையை மை முழுமையாகச் சொல்லாது. சிறுபொழுதை, அதாவது நாளின் வேளையை, துல்லியமாகக் காட்டும் இவ்வோவியங்கள் பெரும்பொழுதை, அதாவது பருவத்தை, அதே தெளிவுடன் காட்டுவதில்லை.