முறியக் கூடாத நேரத்தில் முறிந்த ஆணி

1992 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை. நெதர்லாந்தில் மாலை ஆறரை மணி தாண்டியிருந்தது. ஆம்ஸ்டர்டாம் நகரின் பெய்ல்மர் பகுதியில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மேல் சரக்கு விமானம் விழுந்தது. இஸ்ரேலின் எல் அல் நிறுவனத்துக்குச் சொந்தமான போயிங் 747 அது. நியூயார்க்கிலிருந்து வந்து, ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து டெல் அவிவுக்குக் கிளம்பி கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

காரணம் ஓர் ஆணி. இந்த விமானத்தில் இறக்கைக்கு இரண்டாக நான்கு இன்ஜின்கள். ஒவ்வொன்றையும் இறக்கையோடு பிணைப்பவை சில உலோக ஆணிகள். அளவுக்கு மீறிய விசை வந்தால் ஆணி முறிந்து இன்ஜின் தனியே கழன்று விழ வேண்டும், இறக்கையும் அதிலுள்ள எரிபொருள் தொட்டியும் பிழைக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அன்று அப்படி எந்த விசையும் வரவில்லை. நாள்பட்ட விரிசல் கண்டிருந்த பிணைப்பு தானாகவே விட்டுப்போனது. வலது இறக்கையின் உள்பக்க இன்ஜின் கழன்று, பக்கத்து இன்ஜினையும் இடித்துத் தள்ளியது. இரண்டும் கீழே ஏரியில் விழுந்தன. இறக்கையின் முன்விளிம்பும் சிதைந்தது.

விமானி அறையிலிருந்து அந்த இன்ஜின்களைப் பார்க்க முடியாது. இரண்டு இன்ஜின்கள் நின்றுவிட்டன என்றே தரைக்குத் தகவல் சொன்னார்கள். வேகமாகப் பறந்தவரை விமானம் தாங்கியது. இறங்குவதற்காக வேகத்தைக் குறைத்ததும், சிதைந்த இறக்கையால் தாங்க முடியவில்லை. விமானம் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தது.

விமானத்தில் இருந்த 4 பேரும், தரையில் 39 பேரும் இறந்தார்கள். முதலில் 200 பேருக்கு மேல் இருக்கும் என்று அஞ்சினார்கள். சூரினாம், கானா போன்ற நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நிறையப் பேர் வாழ்ந்த பகுதி அது. பலர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதனால் அந்த 43 என்ற கணக்கை இன்றும் நம்பாதவர்கள் உண்டு.

மனத்தை உறுத்துவது வேறொன்று. 1991 டிசம்பர் 29 அன்று தைவானில், சைனா ஏர்லைன்ஸின் 747 சரக்கு விமானம் ஒன்றும் கிளம்பிய சிறிது நேரத்தில் இதே போல இன்ஜின்களை இழந்து மலையில் மோதியது. அதில் இருந்த 5 பேரும் இறந்தார்கள். அந்தக் குறை திருத்தப்படுவதற்குள் ஒன்பது மாதம் ஓடி, பெய்ல்மர் விபத்தும் நடந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் 747 விமானங்களின் இன்ஜின் பிணைப்புகளை மாற்றி வலுப்படுத்தினார்கள்.

விழுந்த இடத்தருகே ஒரு மரம் மட்டும் தப்பி நின்றது. 'எல்லாவற்றையும் கண்ட மரம்' என்று அதற்குப் பெயர். ஆண்டுதோறும் அக்டோபர் 4 அன்று அதன் அடியில் மக்கள் பூ வைக்கிறார்கள்.