திரை அணைந்த பின்

கல்வித் தொழில்நுட்பம் என்றதும் கருவியே நினைவுக்கு வருகிறது. வானொலி, தொலைக்காட்சி, கணினி, கைப்பேசி எனக் கருவிகளை வரிசைப்படுத்தி, அதையே அதன் வரலாறாகவும் எழுதிவிடுகிறோம். இப்பார்வை எத்துணைக் குறையுடையது என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு.

விக்ரம் சாராபாயின் முன்முயற்சியால், செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனைக்கு 1969இல் நாசாவுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. அவர் மறைந்த பின்னர், 1975 ஆகஸ்ட் 1 அன்று ஒளிபரப்பு தொடங்கியது. ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, இராஜஸ்தான் ஆகிய மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள், கம்பிவலை அலைவாங்கிகளின் துணையால் விண்ணிலிருந்து நேரடியாக நிகழ்ச்சிகளைப் பெற்றன. காலையில் பள்ளிச் சிறார்க்கும், மாலையில் ஊர்மக்களுக்கும் நிகழ்ச்சிகள் அமைந்தன.

ஆயினும் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் ஓராண்டுக்கே இரவல் பெறப்பட்டது. 1976 ஜூலை 31 அன்று பரிசோதனை முடிவுற்றது. பல ஊர்களில் திரை அணைந்தது. இன்சாட்-1பி விண்ணேறியது 1983இல்தான். மறு ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கிய நாடளாவிய வகுப்பறை நிகழ்ச்சியோ கல்லூரி மாணவர்க்கானது. 1975இல் திரைமுன் அமர்ந்த சிறாருள் பலர் அதற்குள் பள்ளிப் பருவத்தையே கடந்திருந்தனர்.

பரிசோதனை என்ற அளவில் அது வெற்றியே. அதில் பயின்ற பொறியாளரும் நிகழ்ச்சித் தயாரிப்பாளரும் பிற்கால ஒளிபரப்புக்கு அடித்தளமாயினர். ஆனால் அந்தச் சிறாருக்கு அது ஓராண்டு நிகழ்வு மட்டுமே. மின்சாரம், பழுதுநீக்கம், குழந்தையின் மொழியில் பாடம், பயிற்சி பெற்ற ஆசிரியர், இவற்றின் தொடர்ச்சி ஆகிய யாவும் சேர்ந்ததே கல்வித் தொழில்நுட்பம். இன்று மாணவர்க்குக் கையடக்கக் கணினி வழங்கும் ஒவ்வொரு திட்டத்திடமும் நாம் கேட்க வேண்டியது இதுதான்: இரண்டாம் ஆண்டில் என்ன நடக்கும்?