பெயரும் சான்றுத்தாளும்: பெங்களூர்த் தாவர வகைப்பாட்டு வரலாறும் சங்க இலக்கியத் தாவர அடையாளமும்

முன்னுரை

சங்க இலக்கியம் கூறும் மரம், செடி, கொடிகளை இன்னவை என அடையாளம் காணும் முயற்சி தமிழாய்வில் நீண்ட வரலாறு உடையது. உரையாசிரியர்கள் தத்தம் காலத்து வழக்குப் பெயரால் அவற்றை விளக்கினர். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் தாவரச் சொற்கள் பலவற்றுக்கு அறிவியற் பெயர் தந்தது. பி.எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்’ (1967), கு. சீநிவாசனின் ‘சங்க இலக்கியத் தாவரங்கள்’ (1987) ஆகிய நூல்கள் இத்துறையைத் தனி ஆய்வுக்களமாக வளர்த்தன. இவற்றுக்குப் பின்வந்த ஆய்வேடுகள் பலவும் இந்நூல்கள் தந்த இலத்தீன் பெயர்களை எடுத்தாண்டு வருகின்றன. ஆயின், ஓர் இலத்தீன் பெயர் எதனைச் சான்றாகக் கொண்டு நிற்கிறது என்னும் வினா தமிழ்த்துறைகளில் அரிதாகவே எழுப்பப்படுகிறது.

அவ்வினாவுக்கான விடை தாவர வகைப்பாட்டியலின் வரலாற்றில் உள்ளது. அவ்வரலாற்றின் குறிப்பிடத்தக்க ஒரு கிளை தரங்கம்பாடியில் தோன்றிப் பெங்களூரில் படர்ந்தது. அக்கிளையை ஆராய்ந்து, அதனின்று தமிழாய்வு கொள்ளத்தக்க நெறி யாது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தரங்கம்பாடியிலிருந்து லால்பாக் வரை

லின்னேயஸிடம் பயின்ற யோகான் கெரார்டு கோனிக் 1768ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். தாவரத்திற்குப் பேரினப் பெயர், சிற்றினப் பெயர் என இருசொற் பெயரிடும் முறை அப்போது பதினைந்து ஆண்டுப் பழமையே உடையது. தென்னிந்தியத் தாவரங்களை அம்முறைக்குள் கொணர்ந்த முன்னோடிகளுள் கோனிக் முதன்மையானவர். நாள்தோறும் நம் அடுக்களையில் பயிலும் கறிவேப்பிலைக்கு லின்னேயஸ் 1771இல் இட்ட பெர்கெரா கோனிகீ என்னும் பெயர் இவரையே நினைவூட்டுவது.

கோனிக்கைச் சூழ்ந்தும் தொடர்ந்தும் தாவரம் திரட்டிய தரங்கம்பாடிச் சமயத் தொண்டர்களுள் யோகான் பீட்டர் ராட்லர் (1749–1836) தமிழ் மாணவர்க்குப் பிறிதொரு வகையில் அறிமுகமானவர். 1834இல் வெளிவரத் தொடங்கிய தமிழ்–ஆங்கில அகராதியின் ஆசிரியர் அவரே. அவர் திரட்டிய உலர்தாவரங்கள் பின்னர் லண்டன் கிங்ஸ் கல்லூரி வழியாகக் கியூ தாவரவியற் பூங்காவை அடைந்தன. சொல்லையும் செடியையும் ஒருவரே திரட்டிய இந்நிலை பிற்காலத் தமிழாய்வில் தொடரவில்லை என்பது எண்ணத்தக்கது.

இம்மரபைப் பெங்களூர்க்குக் கொண்டுசென்றவர் பெஞ்சமின் ஹெய்ன. மொராவியச் சமயத் தொண்டராகத் தரங்கம்பாடிக்கு வந்த இவர், பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சேர்ந்தார். வில்லியம் ராக்ஸ்பர்க் 1793இல் கல்கத்தாவுக்குச் சென்றபின் சாமல்கோட்டைத் தாவரத் தோட்டம் இவர் பொறுப்பில் வந்தது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும், காலின் மெக்கன்சி தலைமையில் அமைந்த மைசூர் நில அளவைப் பணியில் ஹெய்ன இணைந்தார். ஐதர் அலி 1760இல் தொடங்கித் திப்பு விரிவாக்கிய லால்பாக் தோட்டத்தைப் பயன்தரு தாவரங்களின் நிலையமாக்கும் பொறுப்பும் இவருக்கு அளிக்கப்பட்டது. கம்பெனியின் நோக்கம் வணிகமும் வருவாயும் ஆகும். எனினும் அந்நோக்கத்தின் நிழலிலேயே ஒரு நிலப்பரப்பின் தாவர வளம் முறையாகப் பதிவுபெறத் தொடங்கியது.

ஹெய்ன 1819இல் சென்னையில் காலமானார். அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பிய உலர்தாவரங்களை ஆராய்ந்து, செருமானியத் தாவரவியலார் ஆல்பிரெக்ட் வில்கெல்ம் ரோத் பல புதிய சிற்றினங்களை விவரித்த நூல் 1821இல் வெளிவந்தது. ரோத் இந்திய மண்ணை மிதித்தவர் அல்லர். அவர்முன் இருந்தவை ஹெய்ன அனுப்பிய தாள்களே. திரட்டியவர் மறைந்த பின்னரும் அத்தாள்கள் ஆய்வுக்கு உதவின. இன்றும் அப்பெயர்களின் பொருளை ஐயுறுவோர் அத்தாள்களிடமே செல்லவேண்டும்.

2. சல்டானாவின் பணி

லால்பாக் 1856இல் அரசு தாவரவியற் பூங்காவாயிற்று. ஆயின், கருநாடகத் தாவரங்களை நிறைவாக விவரிக்கும் பணி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே உருப்பெற்றது. ஜே.எஸ். கேம்பிள் தொடங்கி சி.இ.சி. ஃபிஷர் நிறைவுசெய்த சென்னை மாகாணத் தாவரத் தொகுதி (1915–1936) மாகாண எல்லையைக் கொண்டது. மைசூர்ச் சமத்தானம் பெரும்பாலும் அதன் புறத்தே நின்றது. அவ்விடைவெளியை நிரப்ப முனைந்தோருள் முதன்மையானவர் பெங்களூர்த் தூய வளனார் கல்லூரியில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி செசில் சல்டானா (1926–2002).

சல்டானா முதலில் ஆசன் மாவட்டத்தைத் தேர்ந்தார். மேற்கே சக்லேசுபுரத்தின் மழைக்காடு முதல் கிழக்கே அரசிகெரேயின் வறண்ட சமவெளி வரை பலவகை நிலங்களை ஒருங்கே உடையது அம்மாவட்டம். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சார்ந்த டான் நிக்கல்சனுடன் இணைந்து அவர் பதிப்பித்த ஆசன் மாவட்டத் தாவரத் தொகுதி 1976இல் வெளிவந்தது. மாநிலம் முழுமைக்குமான தாவரத் தொகுதியின் முதற்பகுதி 1984இலும் இரண்டாம் பகுதி 1996இலும் வெளியாயின. இவை அமெரிக்க அறிஞர் ஆர்தர் கிரான்குவிஸ்ட்டின் வகைப்பாட்டு வரிசையைப் பின்பற்றி, மக்னோலியா குடும்பத்தில் தொடங்கிக் கொத்தமல்லிக் குடும்பத்தோடு நிற்கின்றன. அவ்வரிசையில் அதன்பின் வரும் எருக்கு, துளசி, கடம்பு, குறிஞ்சி ஆகியவற்றின் குடும்பங்களும், புல், தாழை, காந்தள் முதலிய ஒருவித்திலைத் தாவரங்களும் அவர் வாழ்நாளில் வெளிவந்த பகுதிகளில் இடம்பெறவில்லை.

நூல் முற்றுப்பெறாவிடினும் நூலின் அடிப்படை நிலைத்தது. பூவோ காயோ உடைய கிளையைக் கொய்து, அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, இடம், நாள், திரட்டியவர் பெயர், வரிசை எண் ஆகியவற்றைக் குறித்துக் காப்பதே உலர்தாவரச் சான்றுத்தாள். சல்டானாவும் அவர் குழுவினரும் திரட்டிய தாள்கள் இன்று பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் சூழலியல் அறிவியல் மையத்தில் ஜே.சி.பி. என்னும் குறியெழுத்தின்கீழ் காக்கப்படுகின்றன. கே. சங்கர ராவ் முதலியோர் இக்காப்பகத்தை அடிப்படையாகக் கொண்டு, தீபகற்ப இந்தியத் தாவரங்களின் மின்னணுத் தொகுதியை உருவாக்கியுள்ளனர். சல்டானாவின் நூல் கூறும் முடிவை ஒருவர் மறுக்க விரும்பினால், அவர் கண்ட அதே கிளையை எடுத்து நோக்கி மறுக்கலாம். மறுப்பதற்கு இடந்தருவதே அவர் பணியின் வலிமையாகும்.

தமிழகத்தில் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியின் இராபினாட் உலர்தாவரக் காப்பகத்தில் கே.எம். மேத்யூ (1930–2004) ஆற்றிய பணியும் இத்தகையதே.

3. பெயர் மாற்றமும் அடையாள மயக்கமும்

தமிழ் நூல்களில் உள்ள இலத்தீன் பெயர்கள் இன்றைய பெயர்களோடு ஒவ்வாமை கண்டு ஆய்வாளர் மயங்குவது உண்டு. இம்மயக்கத்தில் இருவேறு சிக்கல்கள் கலந்துள்ளன. அவற்றைப் பிரித்தறிதல் இன்றியமையாதது.

முதலாவது, செடி மாறாமல் பெயர் மட்டும் மாறுவது. ஆவிரையும் கொன்றையும் முன்பு காசியா என்னும் ஒரே பேரினத்தில் அடங்கின. 1982இல் அப்பேரினம் மூன்றாகப் பகுக்கப்பட்டபின் ஆவிரை சென்னா ஆயிற்று. கொன்றை காசியாவாகவே நின்றது. கருவேலும் வெள்வேலும் அகேசியா என்னும் பெயரை இழந்து வாசெல்லியா ஆயின. 2005இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தாவரவியற் பேரவை, அகேசியா என்னும் பெயரை ஆத்திரேலியச் சிற்றினங்களுக்கு உரியதாக நிலைநிறுத்தியமையே அதற்குக் காரணம். கறிவேப்பிலை முர்ரயா என்னும் பேரினத்துக்கு மாற்றப்பட்டு நெடுங்காலம் அப்பெயரால் வழங்கி, மரபணு ஆய்வின் பின்னர் லின்னேயஸ் இட்ட பெர்கெரா என்னும் பெயருக்கே மீண்டுள்ளது. இவற்றில் எதுவும் சங்கப் பாடலின் பொருளை மாற்றுவதில்லை. பழம்பெயரும் புதுப்பெயரும் ஒரே செடியைச் சுட்டுகின்றன என்பதைப் பெயர்ப்பட்டியல் கொண்டு எளிதில் தெளியலாம்.

இரண்டாவது, ஒரு பெயர் எந்தச் செடியைச் சுட்டுகிறது என்பதே ஐயமாவது. கடம்பு இதற்குத் தக்க சான்று. கடம்புக்கு நெடுங்காலம் வழங்கிய ஆந்தோசெபாலஸ் என்னும் பேரினப் பெயர், சொன்னெரா திரட்டிய ஒரு மாதிரியைக் கொண்டு லாமார்க் 1785இல் எழுதிய விவரிப்பின்மேல் எழுந்தது. புதுச்சேரியில் வாழ்ந்தவரும், இந்தியாவிலும் மடகாஸ்கரிலும் தாவரம் திரட்டியவருமான அதே சொன்னெராவே இவர். அம்மாதிரி நம் கடம்பா, மடகாஸ்கரின் பிறிதொரு மரமா என்பது நெடுநாள் வழக்காயிற்று. பிரெஞ்சு அறிஞர் போசே 1980களின் நடுப்பகுதியில் அத்தாளை மீண்டும் ஆராய்ந்து, அது மடகாஸ்கர் மரமே எனக் காட்டிக் கடம்புக்கு நியோலமார்க்கியா என்னும் புதுப்பெயர் இட்டார். இருநூறு ஆண்டு மயக்கம் ஒரு தாளைக் கண்டதால் தீர்ந்தது.

இதே கடம்பு தமிழாய்விலும் மயக்கம் தருகிறது. வெண்கடம்பு, நீர்க்கடம்பு, மஞ்சட்கடம்பு, செங்கடம்பு என இன்று வழங்கும் நான்கும் நான்கு வெவ்வேறு பேரினங்கள். முருகனோடு தொடர்புறுத்திப் பழம்பாடல்கள் கூறும் கடம்பின் பூ உருண்டை வடிவினது. செங்கடம்பின் பூவோ நீண்டு தொங்கும் சரமாக அமைவது. எனவே அதனை விலக்கலாம். எஞ்சிய மூன்றும் உருண்டைப் பூங்கொத்து உடையனவே. ஈரக் காட்டு மரமான வெண்கடம்பு எல்லாப் பாடலுக்கும் பொருந்துமா, வறண்ட சமவெளியின் நீர்நிலைக் கரைகளில் வளரும் நீர்க்கடம்பு சில பாடல்களுக்கு மேலும் பொருந்துமா என்பது பாடலின் நிலச்சூழலை ஆராய்ந்தே முடிவுசெய்யத்தக்கது. நூற்பட்டியலில் உள்ள ஓர் இலத்தீன் பெயரைப் பெயர்த்தெழுதுவதால் இவ்வினா தீராது.

4. தொல்காப்பிய மரபியலும் பரிணாம வகைப்பாடும்

தொல்காப்பியம் மரபியலில் புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் பகுக்கிறது. இப்பகுப்பு ஒருவித்திலை, இருவித்திலை என்னும் அறிவியற் பகுப்பே என்று கூறுவோர் உளர். பனை, மூங்கில் போன்றவற்றில் சாற்றுக் குழாய்க்கற்றைகள் தண்டின் விளிம்பில் செறிந்திருப்பதால் புறம் கடினமாகிறது என்பது உண்மை. தொல்காப்பியரின் நோக்கு நுண்ணியது என்பதில் ஐயமில்லை.

ஆயின், இன்றைய வகைப்பாடு பொது மூதாதையை அடிப்படையாகக் கொண்டது. மரபணுச் சான்று கொண்டு பூக்கும் தாவர இனவரலாற்றுக் குழு 1998 முதல் வெளியிட்டுவரும் வகைப்பாட்டில் ஒருவித்திலைத் தாவரங்கள் ஒரே மூதாதையின் வழியினவாக நிற்கின்றன. இருவித்திலை என்பதோ ஓர் இயற்கைக் குழுவாக நிற்கவில்லை. இதே நோக்கில், அல்லிக் குடும்பமாகிய லிலியேசியில் வைக்கப்பட்டிருந்த காந்தள் இன்று கோல்சிகேசி என்னும் குடும்பத்தில் உள்ளது. அதன் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்சிசின் என்னும் நஞ்சு, ஐரோப்பியக் கோல்சிகத்தோடு அதற்குள்ள உறவுக்கு இணைச்சான்றாகிறது. தொல்காப்பியப் பகுப்பை இருவித்திலைப் பகுப்போடு பிணைத்துப் பெருமை காண்போர், அறிவியல் அப்பகுப்பைக் கைவிட்டபின் தொல்காப்பியமும் பிழைபட்டது என ஒப்பவேண்டிவரும். மரபியலின் நோக்கம் எப்பொருளுக்கு எச்சொல் மரபு என வரையறுப்பது. ஓலை, மடல் என்பன புல்லுக்கும், தளிர், சினை என்பன மரத்துக்கும் உரியவை என்னும் அவ்வரையறையின் தகுதியை மொழிவழக்கைக் கொண்டே மதிப்பிடவேண்டும்.

முடிவுரை

ஹெய்ன முதல் சல்டானா வரையிலான வரலாறு காட்டும் உண்மை ஒன்றே. தாவரப் பெயர் கருத்துரை. சான்றுத்தாள் அதன் ஆதாரம். வகைப்பாட்டு முறைகள் மாறிவரினும் தாள் நிலைத்திருப்பதால் பெயரைத் திருத்திக்கொள்ள இயலுகிறது. மூலத்தை விட்டு மேற்கோளின் மேற்கோளை எடுத்தாளுதல் பதிப்பியலில் குற்றமாகக் கொள்ளப்படுகிறது. தாவர அடையாளத்திலும் அந்நெறி கடைப்பிடிக்கத்தக்கது.

எனவே சங்க இலக்கியத் தாவர ஆய்வில் மூன்றினைப் பின்பற்றலாம். பாடல் கூறும் பண்புகள், உரையாசிரியர் தரும் பெயர், இக்கால ஆய்வாளர் செய்யும் அடையாளம் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துத் தருதல் வேண்டும். அடையாளம் கூறுமிடத்து ஒரு காப்பகத்தின் சான்றுத்தாள் எண்ணைச் சுட்டுதல் வேண்டும். வட்டார மக்கள் வாயில் வழங்கும் பெயரைத் திரட்டும்போது, அப்பெயருக்குரிய கிளையையும் உடன் திரட்டி, ஊரும் நாளும் குறித்துக் காப்பகத்தில் சேர்த்தல் வேண்டும். இவற்றுள் மூன்றாவது காலத் தாழ்வுக்கு இடந்தராதது. ஒரு செடியின் பெயரைச் சொல்லும் முதியவர் மறைந்தபின் சொல் மட்டும் அகராதியில் எஞ்சும். அது சுட்டிய செடி எதுவென ஆராயப் பின்வருவோர்க்குச் சான்று இராது. குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது பூக்களுள் சிலவற்றைப் பற்றி இன்றும் கருத்து வேறுபாடு நிலவுவது இதனால்தான். நம் காலத்து வழக்குப் பெயர்களுக்கும் அந்நிலை நேராமற் காத்தல் தமிழ்த்துறைகளும் தாவரவியல் துறைகளும் இணைந்து செய்யவேண்டிய பணியாகும்.