குளியலறையில் ஒரு கோடை

லண்டனில் இருந்து பிரைட்டன் கடற்கரைக்கு சுமார் 85 கி.மீ. வழியெல்லாம் குன்றுகள், ஏற்ற இறக்கங்கள். ஓடக்கூடாது, ஒரு பாதம் எப்போதும் தரையில் இருக்கவேண்டும். இந்த வேகநடைப் போட்டியில் 1955 முதல் 1962 வரை தொடர்ந்து எட்டு முறை ஜெயித்தவர் டான் தாம்சன். குள்ளமான உருவம், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா வேலை.

மேட்டுக்கு அசராத மனிதரை வெயில் சாய்த்துவிட்டது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கின் 50 கி.மீ. நடையில், உடம்பில் நீர் வற்றி, முடிக்க முடியாமல் விழுந்தார். அடுத்த ஒலிம்பிக் ரோமில். அங்கேயும் கொளுத்தும்! இங்கிலாந்தில் வெயிலுக்கு எங்கே போவது?

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே மண்ணெண்ணெய் ஹீட்டர், கொதிக்கும் கெட்டில். டிராக் சூட்டோடு நின்ற இடத்திலேயே பயிற்சி. கூட நடக்க ஆளில்லை, அந்த ஹீட்டர்தான் துணை. நல்ல துணைதான் போங்கள்! அரை மணி நேரத்தில் தலை சுற்றும். சூட்டினால் என்றே நினைத்திருந்தார். அது ஹீட்டர் கக்கிய கார்பன் மோனாக்சைடின் வேலை என்பது பல வருடங்கள் கழித்தே அவருக்கு உறைத்தது.

1960 செப்டம்பர் 7, ரோம். 1948-இல் இதே போட்டியில் தங்கம் வென்ற ஸ்வீடன்காரர் யுங்கிரென் கடைசிவரை விடவில்லை. தாம்சன் 4 மணி 25 நிமிடம் 30 விநாடியில் எல்லையைத் தொட்டபோது இடைவெளி வெறும் 17 விநாடி. அந்த ஒலிம்பிக்கில் தடகளத்தில் பிரிட்டனுக்குக் கிடைத்த ஒரே தங்கம் அதுதான்.