உண்மை நிலை அளவை: வட்டமல்லாத உறுப்புகள்

உண்மை நிலை என்பது, ஒரு பாகத்திலுள்ள துளையோ காடியோ, வரைபடத்தில் குறித்த ஆதாரத் தளங்களிலிருந்து மிகச் சரியாக எவ்விடத்தில் அமைய வேண்டுமோ அந்த ஸ்தானமாகும். மறைமலைநகர், மகிந்திரா வேர்ல்டு சிட்டி முதலிய செங்கற்பட்டு மாவட்டத் தொழிற்பேட்டைகளில் இதனை ‘ட்ரூ பொசிஷன்’ என்றும், அளக்கும் யந்திரத்தை ‘சி.எம்.எம்.’ என்றும், ஆதாரத்தை ‘டேட்டம்’ என்றும் வழங்குவர்.

பூர்வ சரித்திரம்: ஆதாரக் கோடொன்றை முன்னதாக நிறுவி, வட்டமல்லாத வடிவங்களின் இடத்தை அதிலிருந்தே அளந்து தீர்மானிக்கும் முறை இச்சீமைக்குப் புதிதன்று. படிமத்தின் நடுவே இறங்கும் தூக்குநூலைப் பிரம்மசூத்திரம் என்று சிற்ப சாஸ்திரம் கூறும். துளைகளிட்ட பலகையொன்றைப் படிமத்தின் மேல் நிறுத்தி, அத்துளைகளின் வழியே நூல்களைத் தொங்கவிட்டு, ஒவ்வோர் அவயவமும் நூலுக்கு எவ்வளவு விலகி நிற்கவேண்டும் என்று காணும் விதியை மானசாரம் என்னும் சிற்ப நூல் விரித்துரைக்கிறது. உத்தம தசதாளம் என்னும் அளவுமுறைப்படி அமையும் படிமத்தின் உயரம் 124 பாகமாக வகுக்கப்பெறும், அப்பாகமொன்று தேகாங்குலம், அதன் எட்டிலொன்று யவம். கண் வட்டமன்றாதலால், அதன் நீளத்திற்கு ஓரளவும் அகலத்திற்கு வேறோரளவுமாகப் பிரித்தே பிரமாணம் சொல்லப்பட்டது. திசைதோறும் தனியளவு என்ற தத்துவத்தை ஸ்தபதிகள் பண்டே அறிந்திருந்தனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசினர் சிற்பப் பயிற்சி நிலையம், பிற்காலத்தில் கல்லூரியாக வளர்ந்து, இம்மரபைப் போதித்துவருகிறது.

யந்திர யுகம்: ஸ்காட்லாந்தில் டார்பீடோ செய்யும் தொழிற்சாலையொன்றில் பணிபுரிந்த ஸ்டான்லி பார்க்கர், துளையின் மையத்திற்குச் சதுரமான வரம்பு விதிப்பது பொருந்தாதென்றும், அச்சதுரத்தின் மூலைகளைத் தொடும் வட்டமே தக்க வரம்பென்றும் நிறுவினார், இவ்வட்டத்தின் பரப்பு சதுரத்தினும் ஏறத்தாழ 57 சதவீதம் மிகுதி. ஸ்காட்லாந்திலேயே ஃபெராண்டி நிறுவனம் 1950-களின் இறுதியில் ஆயத்தொலை அளவீட்டு யந்திரத்தை, அதாவது சி.எம்.எம்.-ஐ, உருவாக்கியது. தொட்டவுடன் சமிக்ஞை தரும் புரோபை 1970-களின் தொடக்கத்தில் டேவிட் மக்மர்ட்ரி கண்டுபிடித்த பிறகு, கணினியும் மென்பொருளும் இத்துறையில் இன்றியமையாதனவாயின.

கணிக்கும் விதி: வட்டத்துளைக்கு இரு அச்சுகளிலும் உள்ள விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் கண்டு, இரட்டித்தால் போதும். ‘ஸ்லாட்’ எனப்படும் நீள்துளைக்கும் மென்பொருள் அவ்வாறே ஓர் எண்ணைத் தரக்கூடும். அதை அப்படியே ஏற்பது பெருந்தவறு. நீள்துளையொன்றுக்கு அகலவாட்டில் 0.2 மி.மீ., நீளவாட்டில் 0.6 மி.மீ. வரம்பு எனக் கொள்வோம். விலகல் முறையே 0.08, 0.25 ஆயின், இரட்டித்த 0.16, 0.50 ஆகிய இரண்டும் வரம்புக்குட்பட்டவை, பாகம் நல்லது. வட்டக் கணக்கோ 0.525 என்று காட்டும், அதனை 0.2-உடன் ஒப்பிடுவோர் நல்ல பாகத்தைத் தள்ளிவிடுவர். நீளவாட்டு விலகல் அதே 0.25 ஆக இருக்க, அகலவாட்டு விலகல் 0.15 ஆகும்போது அப்பாகம் தவறானதே. எனினும் வட்டக் கணக்கு 0.583 என வருவதால், 0.6-உடன் ஒப்பிடுவோர் அதனை ஏற்றுவிடுவர்.

எல்லை முறை: மையத்தைத் தேடாமல், உறுப்பின் சுவரே ஓர் எல்லையை மீறுகிறதா என்று பார்ப்பது இதனினும் சிறந்தது. சிறும அளவு 10 × 20 மி.மீ. உடைய மேற்கூறிய நீள்துளைக்கு, உண்மை நிலையில் நிறுத்திய 9.8 × 19.4 மி.மீ. வடிவத்தினுள் சுவரின் எப்பகுதியும் புகலாகாது. துளை சற்றே திரும்பியிருப்பினும் இம்முறை காட்டிவிடும். நடுப்புள்ளியை மட்டும் கொண்ட கணக்கு காட்டாது. ஆதலின் இரு பக்கச் சுவர்களிலும் பல இடங்களில் தொட்டு அளத்தல் அவசியம்.

தற்கால நிலை: கேமராவாலும் லேசராலும் தொடாமலே அளக்கும் கருவிகள் இப்பொழுது வழக்கில் வந்துள்ளன.