காற்பந்தும் புள்ளிவிவரமும்: எண்கள் சொல்வதும் சொல்லாததும்



பருவத் தேர்வு நெருங்கிய வேளையில், ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் கணித ஏட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தில் பதினைந்து காற்பந்தாட்டக்காரர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே விலை, அடித்த கோல்கள், ஆட்டத்துக்குச் சராசரி என மூன்று பத்திகள். ஏசப் போகிறேன் என்று அவன் தலைகுனிந்து நின்றான். நானோ அவன் கணக்கைச் சரிபார்த்தேன். சராசரிகள் எல்லாம் சரியாகவே இருந்தன. அவற்றிலிருந்து அவன் எடுத்த முடிவுதான் தவறாக இருந்தது. மூன்று ஆட்டங்களில் மூன்று கோல் அடித்த ஒருவரை, 'ஆட்டத்துக்கு ஒரு கோல்' என்று நம்பித் தலைவராக்கியிருந்தான். அம்மூன்றும் ஒரே ஆட்டத்தில் அடிக்கப்பட்டவை.

இப்பிழை சிறுவர்களுக்கு மட்டும் உரியதன்று. காற்பந்து வரலாற்றில் பெரியவர்களும் இதில் வழுக்கியிருக்கிறார்கள். அவ்வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

கற்பனைக் குழுவின் கதை

உண்மையான ஆட்டக்காரர்களைக் கொண்டு ஏட்டளவில் ஒரு குழு அமைத்து, அவர்கள் களத்தில் ஆடுவதற்கேற்பப் புள்ளி பெறுவதே கற்பனைக் காற்பந்து. இதன் தொடக்கம் அமெரிக்கக் காற்பந்தில் உள்ளது. ஓக்லந்து நகரைச் சேர்ந்த வில்பிரட் விங்கன்பாக் 1962ஆம் ஆண்டில் நண்பர்களோடு இதற்கு விதிகள் வகுத்தார். நாம் ஆடும் காற்பந்துக்கு இம்முறையை இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டில் கொண்டுவந்தவர் ஆண்ட்ரூ வெயின்ஸ்டீன். இன்று நம் மாணவர்கள் அறிந்த இங்கிலாந்துப் பிரிமியர் லீக்கின் கற்பனை ஆட்டம் 2002ஆம் ஆண்டில் பிறந்தது. 100 மில்லியன் பவுன் கற்பனைப் பணத்துக்குள் 15 பேரை வாங்க வேண்டும். ஒரே குழுவிலிருந்து மூவருக்கு மேல் எடுக்கலாகாது. தலைவரின் புள்ளி இரட்டிப்பாகும். கூட்டல், பெருக்கல், சராசரி, விழுக்காடு, வரவு செலவுத் திட்டம் ஆகிய அனைத்தும் இதில் உள்ளன.

மியூனிக் கற்பித்த சராசரி

அம்மாணவனுக்கு நான் எடுத்துக்காட்டியது நம் நாட்டின் கணக்கையே. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியக் காற்பந்துக் குழு எம். சந்திரன் தலைமையில் களம் இறங்கியது. மேற்கு ஜெர்மனியிடம் 0-3 எனத் தோற்றது. அமெரிக்காவை 3-0 என வென்றது. மொரோக்கோவிடம் 0-6 எனத் தோற்றது. மூன்று ஆட்டங்களில் மூன்று கோல். சராசரி ஒன்று. ஆயினும் அக்குழு எந்த ஓர் ஆட்டத்திலும் ஒரே ஒரு கோல் அடிக்கவில்லை! சராசரி பொய் சொல்லவில்லை. ஆனால், அந்த மூன்று ஆட்டங்களில் எதைப் பற்றியும் அது உண்மையைக் கூறவில்லை.

வகுக்க மறந்த கணக்கர்

காற்பந்தில் புள்ளிவிவரம் திரட்டுவதற்கு முன்னோடி சார்ல்ஸ் ரீப். பிரிட்டிஷ் விமானப்படையில் கணக்கியல் அதிகாரியாக இருந்தவர். 1950 மார்ச் 18ஆம் நாள் சுவிண்டன் நகரில் ஓர் ஆட்டத்தின் பிற்பாதியில், ஒவ்வொரு தாக்குதலையும் குறியீடுகளால் பென்சில் கொண்டு குறிக்கத் தொடங்கினார். அதன்பின் வாழ்நாள் முழுதும் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களைக் குறித்து வைத்தார். 1968ஆம் ஆண்டில் பெர்னார்ட் பெஞ்சமினுடன் இணைந்து, அரசப் புள்ளியியல் கழகத்தின் ஆய்விதழில் கட்டுரையும் வெளியிட்டார்.

அவர் கண்டது இதுதான்: ஏறத்தாழ 80 விழுக்காட்டுக் கோல்கள், மூன்று அல்லது அதற்கும் குறைவான பந்துப் பரிமாற்றங்களில் பிறந்தன. எனவே பந்தை நெடுந்தொலைவு உதைத்து விரைந்து தாக்குவதே சிறப்பு என்று அவர் முடிவு செய்தார். அம்முடிவு இங்கிலாந்துக் காற்பந்தைப் பல ஆண்டுகள் ஆட்டுவித்தது.

பிழை எங்கே? அவருடைய ஏடுகளிலேயே, பத்தில் ஒன்பது தாக்குதல்கள் மூன்று பரிமாற்றத்துக்குள் முடிந்துவிடுகின்றன. ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். 1000 தாக்குதல்களில் 10 கோல்கள் என்க. குறும் பரிமாற்றத் தாக்குதல்கள் 900. அவற்றில் 8 கோல்கள். நெடும் பரிமாற்றத் தாக்குதல்கள் 100; அவற்றில் 2 கோல்கள். முதல் வகையில் ஒரு கோலுக்கு 112 தாக்குதல்களுக்கு மேல் தேவை. இரண்டாம் வகையில் 50 போதும்! எண்ணியவர் வகுக்க மறந்தார். 2005ஆம் ஆண்டில் மைக் ஹியூஸ், இயன் பிராங்ஸ் ஆகிய இருவரும் வாய்ப்புகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்து, அப்பழைய முடிவைத் திருத்தினர்.

இறுதிச் சுற்றில் மாறும் கணக்கு

தோற்றால் வெளியேறும் சுற்றுகளில் மற்றொரு சிக்கல் உண்டு. வெளியேறிய குழுவின் ஆட்டக்காரர் எவ்வளவு சிறந்தவராயினும் இனி அவருக்குப் புள்ளியே இல்லை. காலிறுதி தொடங்குகிறது என்று கொள்வோம். ஆட்டத்துக்கு 6 புள்ளி பெறும் ஒருவர் வலுவற்ற குழுவில் இருக்கிறார்; அக்குழு ஓர் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு பத்தில் மூன்று. 4 புள்ளி பெறும் மற்றொருவரின் குழுவுக்கோ வாய்ப்பு பத்தில் ஏழு. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தை விட்டுவிடுவோம். முன்னவர் ஆடக்கூடிய ஆட்டங்கள் சராசரியாக 1 + 0.3 + 0.09 = 1.39. பின்னவருக்கு 1 + 0.7 + 0.49 = 2.19. புள்ளிகளைப் பெருக்கினால் முன்னவருக்கு 8.34, பின்னவருக்கு 8.76. குறைந்த சராசரி உடையவரே முந்துகிறார்!

இவ்வளவு கணக்கிட்டாலும் இறுதி ஆட்டம் நம் கைக்குள் அடங்குமா? பினாங்கின் வரலாறு விடை கூறுகிறது. 1921ஆம் ஆண்டில் 'மலாயா' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் நம் துறைமுகம் உட்பட மலாயாவின் பல துறைமுகங்களுக்கு வந்தது. அதன் மாலுமிகள் அன்பளிப்பாகத் தந்த கிண்ணமே மலாயாக் கிண்ணம். 1967இல் அது மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறியது. 1968ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் சிலாங்கூர் பினாங்கை 8-1 என வீழ்த்தியது. மறு ஆண்டும் அதே இரு குழுக்கள் இறுதியில் மோதின. முந்தைய முடிவை மட்டும் வைத்துக் கணித்தவர் மீண்டும் கோல் மழையை எதிர்பார்த்திருப்பார். முடிவோ 1-0, சிலாங்கூர் ஒரே கோலில்தான் தப்பியது. 1974ஆம் ஆண்டில் பினாங்கு பேராக்கை 2-1 என வென்று கிண்ணத்தையே கைப்பற்றியது. ஓர் ஆட்டத்தின் முடிவு அந்நாளைய முடிவு மட்டுமே.

பெற்றோர் கவனத்துக்கு

ஓர் எச்சரிக்கையையும் கூறிவிடுகிறேன். பணம் வைத்து ஆடும்போது இது கல்வியாக இராது, சூதாட்டத்தின் வாசலாகிவிடும். இந்தியாவில் 2025ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. கற்பனை விளையாட்டுகளும் அதில் அடங்கின. பணமின்றி, ஏட்டிலும் கரும்பலகையிலும் ஆடினால் போதும். ஒவ்வோர் எண்ணையும் பார்த்து மூன்று கேள்விகள் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். எத்தனை வாய்ப்புகளில் இது கிடைத்தது? எல்லா ஆட்டங்களிலும் பரவியுள்ளதா, ஒன்றிலேயே குவிந்துள்ளதா? நம்பத்தக்க அளவுக்கு ஆட்டங்கள் நடந்துள்ளனவா?

இக்கேள்விகளை நாமும் நம்மிடம் கேட்க வேண்டும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆயினும் ஒரே தாளின் புள்ளியைக் கொண்டு ஒரு பிள்ளையை 'இவன் இவ்வளவுதான்' என முத்திரை குத்தும் வழக்கம் நம் வீடுகளிலும் ஆசிரியர் அறைகளிலும் இன்னும் நிற்கவில்லை. நானும் அப்படிச் சொன்னவன்தான். அந்த மாணவனைக் கணிதத்தில் பின்தங்கியவன் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். என் பதிவேட்டில் இருந்தது அவனுடைய சராசரி. அவன் ஏட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது அவனுடைய கணிதம்.

பட்டியலைக் கிழிக்கவில்லை. தலைவரை மட்டும் மாற்றச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். "தேர்வு முடிந்தபின் மாற்றுகிறேன், ஐயா" என்றான்.